சாலரியில் உப்பு எவ்வளவு? ஒரு லத்தீன் சொல்லும் அதன்மேல் ஏறிய கதையும்

"ரோமாபுரிப் படைவீரர்களுக்கு உப்பைத்தான் சம்பளமாகக் கொடுத்தார்கள். உப்புக்கு லத்தீனில் 'சால்' என்று பெயர். அதனால்தான் ஆங்கிலத்தில் 'சாலரி'." பள்ளி வினாடி வினாவிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் மேடைப் பேச்சிலும் இதைக் கேட்காதவர்கள் குறைவு. சில ஆண்டுகளாக இதற்கு எதிர்க்கட்சியும் உருவாகியிருக்கிறது. "அது வெறும் கட்டுக்கதை, சாலரிக்கும் உப்புக்கும் சம்பந்தமே கிடையாது" என்று அவர்கள் அடித்துச் சொல்கிறார்கள். படிக்கிறவர்கள் எதை நம்புவது?

இரண்டு தரப்பும் பாதி சரி, பாதி தவறு. மூன்று தனித்தனிச் செய்திகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டதுதான் குழப்பத்துக்குக் காரணம். மூட்டையைப் பிரித்தால் இப்படி வரும்:

1. 'சாலரி' என்ற சொல், உப்பைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது.
2. ரோமப் படைவீரர்களுக்கு உப்பு வாங்கிக்கொள்ளத் தனியாகப் பணம் தரப்பட்டது. அந்தப் பணத்தின் பெயர்தான் சாலரி ஆயிற்று.
3. ரோமப் படைவீரர்களுக்குச் சம்பளமே உப்பாக அளந்து தரப்பட்டது.

முதலாவது உண்மை. இரண்டாவது ஓர் ஊகம். நடந்திருக்கக்கூடியது, ஆனால் நேரடிச் சான்று இல்லாதது. மூன்றாவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. போதாததற்குக் கணக்கும் அதற்கு எதிராக நிற்கிறது.

## சொல் எப்படிக் கட்டப்பட்டது

லத்தீனில் 'சால்' என்றால் உப்பு. அதனோடு '-ஆரியஸ்' என்ற விகுதி சேர்ந்தால் 'சலாரியஸ்': உப்பு சம்பந்தப்பட்ட. ரோம் நகரிலிருந்து வடகிழக்கே சபைன் மக்களின் நாட்டைத் தாண்டி ஏட்ரியாட்டிக் கடற்கரை வரை போன பழைய சாலைக்கு 'வியா சலாரியா' என்று பெயர். உப்புச் சாலை. டைபர் ஆற்று முகத்துவாரத்து உப்பு அந்த வழியாக உள்நாட்டுக்குப் போயிற்று.

அதே அடைமொழியின் அஃறிணை வடிவம் 'சலாரியம்'. உப்புக்கானது, உப்பைச் சேர்ந்தது என்று நேர்ப்பொருள். ஆங்கிலச் சாலரியின் பாட்டன் இந்தச் சொல்தான். இதில் மொழியியலாளர்களுக்குள் சண்டை கிடையாது. ஆகவே உப்புக்குச் சம்பந்தமே இல்லை என்கிறவர்கள் இந்த இடத்திலேயே தோற்றுவிடுகிறார்கள்.

ஆனால் உப்புக்கான 'என்ன'? பணமா, வரியா, பங்கா? சொல் அதைச் சொல்வதில்லை. இங்கேதான் லத்தீனின் ஒரு சுவையான வழக்கத்தைப் பார்க்க வேண்டும். '-ஆரியம்' என்று முடியும் ஒரு சொற்குடும்பம் அந்த மொழியில் இருந்தது. எல்லாமே ஏதோ ஒரு வகையில் 'படி', அதாவது அலவன்ஸ்:

1. கால்கியாரியம்: செருப்புப் படி. ஆஸ்டியா, புட்டியோலி துறைமுகங்களிலிருந்து ரோமுக்கு மாறி மாறி நடந்தே வந்துகொண்டிருந்த கடற்படை ஆட்கள், செருப்புத் தேய்கிறது, அதற்குப் படி வேண்டும் என்று பேரரசர் வெஸ்பாசியனிடம் கேட்டார்கள். கஞ்சத்தனத்துக்குப் பேர்போனவர் அவர். இனிமேல் வெறுங்காலோடு ஓடுங்கள் என்று உத்தரவு போட்டுவிட்டார். அன்றிலிருந்து அப்படியே ஓடுகிறார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார், பேரரசர்களின் வரலாற்றை எழுதிய சுவட்டோனியஸ்.
2. கிளாவாரியம்: ஆணிப் படி. படைவீரர்களின் காலணியில் அடிக்கும் ஆணிக்கானது. கி.பி. 69இன் உள்நாட்டுப் போரில் வீரர்கள் இந்தப் பெயரில் பணம் கேட்டதை ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் குறிப்பிடுகிறார். அந்தப் பணம் உண்மையில் ஓர் இனாம், பெயர்தான் ஆணி.
3. வாசாரியம்: பாத்திரப் படி. மாகாண ஆளுநராகப் போகிறவர் வீட்டுச் சாமான் வாங்கிக்கொள்ளத் தரப்படுவது. பீசோ என்பவர் இந்தக் கணக்கில் 1 கோடியே 80 லட்சம் செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) எடுத்துக்கொண்டார் என்று ரோமப் பேச்சாளர் சிசரோ அவரைத் தாக்கிப் பேசினார். அவ்வளவுக்கும் பாத்திரம் வாங்கினால் வைக்க இடம் இருந்திருக்காது.
4. கோங்கியாரியம்: 'கோங்கியஸ்' என்பது மூன்று லிட்டருக்குச் சற்று மேற்பட்ட ஒரு முகத்தலளவை. முதலில் மக்களுக்கு எண்ணெயோ மதுவோ அளந்து கொடுத்ததற்கு இந்தப் பெயர். பின்னால் பேரரசர்கள் காசாக வாரி வழங்கியபோதும் பெயர் மாறவில்லை.

தமிழில் இதைப் புரிந்துகொள்வது எளிது. படி என்றால் அரிசி அளக்கும் படி; பஞ்சப்படி, பயணப்படி, வீட்டு வாடகைப்படி என்று அரசு ஊழியரின் சம்பளச் சீட்டில் வரும் படியும் உண்டு. பஞ்சப்படியை யாரும் மரக்காலில் அளந்து வாங்குவதில்லை. அதேபோல, டீச்செலவுக்குக் காசு கொடு என்று கேட்கிறவர் அந்தக் காசில் பஸ் ஏறலாம், பீடி வாங்கலாம். ஆயிரம் ஆண்டு கழித்து ஓர் ஆராய்ச்சியாளர் வந்து, தமிழ்நாட்டில் வேலைக்குக் கூலி தேநீராகத்தான் கொடுக்கப்பட்டது என்று எழுதினால் எப்படியிருக்கும்? சாலரி விஷயத்தில் நடந்தது ஏறக்குறைய அதுதான்.

இந்தக் குடும்பத்தில் வைத்துப் பார்க்கும்போது 'சலாரியம்' என்பது தொடக்கத்தில் 'உப்புப் படி' என்ற பொருளில் பிறந்திருக்கலாம் என்பது நல்ல ஊகம். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் நமக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்றுகளில் அந்தச் சொல் தலைகாட்டும்போதே உப்பின் வாடை போய்விட்டது.

## பிளினி சொன்னதும் சொல்லாததும்

சலாரியத்தையும் உப்பையும் இணைத்துப் பேசும் பழைய சான்று ஒன்றே ஒன்று: மூத்த பிளினி. கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்தபோது இறந்துபோன அதே பிளினி. தன்னுடைய பெரிய இயற்கை வரலாற்று நூலின் 31ஆம் புத்தகத்தில் உப்பைப் பற்றி எழுதும்போது, பதவிகளிலும் படைப்பணியிலும்கூட உப்பு இடம்பெறுகிறது, சலாரியம் என்ற பெயர் அதிலிருந்துதான் வந்தது என்று போகிறபோக்கில் ஒரு வரி சொல்கிறார்.

இந்த வரி வரும் இடத்தைக் கவனிக்க வேண்டும். பிளினி அங்கே செய்வது உப்பின் புகழ்பாடல். உப்பில்லாமல் நாகரிக வாழ்க்கையே இல்லை என்கிறார். நகைச்சுவைக்கும் லத்தீனில் உப்பு என்றே பெயர் என்கிறார். உப்புச் சாலையைச் சொல்கிறார். பழைய மன்னர் ஆங்கஸ் மார்சியஸ் 6,000 மோடியஸ் (ஒரு முகத்தலளவை) உப்பை மக்களுக்கு வழங்கினார், உப்பளங்களை முதலில் அமைத்தவரும் அவரே என்கிறார். அந்தப் பட்டியலில் ஒன்றாகத்தான் சலாரியம் வருகிறது.

வீரர்களுக்கு உப்பு கூலியாகத் தரப்பட்டது என்று அவர் சொல்லவில்லை. உப்பு வாங்கப் பணம் தரப்பட்டது என்றும் சொல்லவில்லை. பதவியும் படைப்பணியும் இரண்டும் அவர் வரியில் இருக்கின்றன. பிற்காலத்தவர்கள் பதவியை விட்டுவிட்டுப் படையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். தவிர, சொற்பிறப்பு சொல்வதில் பழைய ரோமானியர்கள் அவ்வளவு நம்பகமானவர்கள் அல்ல. ஒலி ஒத்துப்போனால் உறவு கட்டிவிடுவார்கள். இந்தச் சொல்லில் அவர் வேரைச் சரியாகத்தான் பிடித்தார்.

## சலாரியம் வாங்கியவர்கள் யார்

படைவீரன் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். கி.பி. முதல் நூற்றாண்டிலிருந்து இந்தச் சொல் பெரும்பாலும் பெரிய மனிதர்களைச் சுற்றியே வருகிறது.

நலிந்துபோன உயர்குடி செனட்டர்களுக்குப் பேரரசர் நீரோ ஆண்டுதோறும் சலாரியம் ஏற்படுத்தினார். சிலருக்கு அது 5 லட்சம் செஸ்டர்ஸ். பேரரசர் டொமிஷியன் காலத்தில் பிரிட்டனை ஆண்டு திரும்பிய தளபதி அக்ரிகோலா, அடுத்து வரவேண்டிய ஆளுநர் பதவியை வேண்டாம் என்று ஒதுங்கினார். அப்படி ஒதுங்குகிறவர்களுக்கு வழக்கமாகத் தரப்படும் ஆளுநர் சலாரியத்தை டொமிஷியன் அவருக்குத் தரவில்லை. இதை மனக்குறையோடு எழுதுகிறவர் டாசிடஸ்; அக்ரிகோலாவின் மருமகன்.

ஆக, ஆவணங்களில் காணும் சலாரியம் என்பது பதவியில் இருக்கிறவருக்கோ அரசின் தயவில் இருக்கிறவருக்கோ ஆண்டுக்கு இவ்வளவு என்று குறித்துக் கொடுத்த தொகை. கூலி என்பதைவிட மானியம் என்பது அதற்கு நெருங்கிய சொல்.

## அப்படியானால் வீரனின் சம்பளம்?

படைவீரனின் ஊதியத்துக்கு லத்தீனில் வேறு பெயர்: ஸ்டிபெண்டியம். 'ஸ்டிப்ஸ்' என்றால் சிறு காசு, 'பெண்டெரே' என்றால் எடை போடுதல். காசை எண்ணாமல் நிறுத்துக் கொடுத்த காலத்தின் தடம் அந்தச் சொல்லில் இருக்கிறது. இன்று ஆராய்ச்சி மாணவர்கள் வாங்கும் 'ஸ்டைபெண்ட்' அதன் வாரிசு.

லிவி எழுதிய வரலாற்றின்படி, வெயி நகரத்தோடு நடந்த நீண்ட போரை ஒட்டி கி.மு. 406இல் படைக்குச் சம்பளம் தரும் வழக்கம் தொடங்கியது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ், காலாள் வீரனுக்கு நாளுக்கு 2 ஓபல், குதிரை வீரனுக்கு ஒரு டிராக்மா என்று கிரேக்கக் காசில் கணக்குத் தருகிறார். ஜூலியஸ் சீசர் படைச் சம்பளத்தை இரட்டிப்பாக்கினார். முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் நாளுக்கு 10 ஆஸ் என்ற செப்புக்காசு, அதாவது ஆண்டுக்குச் சுமார் 225 டெனாரியஸ் என்ற வெள்ளிக்காசு. எல்லாமே நாணயக் கணக்கு.

அகஸ்டஸ் இறந்த கி.பி. 14இல் டான்யூப் ஆற்றங்கரை மாகாணமான பன்னோனியாவில் படைகள் கலகம் செய்தன. அவர்களின் குறையாக டாசிடஸ் எழுதுவது: உடலுக்கும் உயிருக்கும் சேர்த்து நாளுக்குப் பத்து ஆஸ்தான் விலை, அதிலேயே துணி, ஆயுதம், கூடாரம் எல்லாம் வாங்க வேண்டும், அடிக்காமல் இருக்கச் சென்டூரியன் என்ற படை அதிகாரிக்கு லஞ்சமும் கொடுக்க வேண்டும்.

இதற்குக் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய சாட்சியும் இருக்கிறது. இஸ்ரேலில் சாக்கடலுக்கு அருகே உள்ள மசாடா மலைக்கோட்டையை ரோமப் படை முற்றுகையிட்டு வென்றது கி.பி. 70களில். அங்கே நடந்த அகழாய்வில் கிடைத்த பாபிரஸ் (நாணல் தாள்) துண்டுகளில் ஒன்று ஒரு வீரனின் சம்பளச் சீட்டு. பெயர் காயஸ் மெஸ்ஸியஸ், ஊர் பெய்ரூட். ஒரு தவணையில் அவன் பெற்றது 50 டெனாரியஸ். பிடித்தம் இப்படி:

1. பார்லி: 16 டெனாரியஸ்
2. உணவுச் செலவு: 20
3. காலணி: 5
4. தோல் வார்: 2
5. நார்த்துணிச் சட்டை: 7

கூட்டிப் பாருங்கள். சரியாக 50. கையில் வந்தது பூஜ்யம். பார்லி பொதுவாகக் குதிரைத் தீவனம் என்பதால் இவன் குதிரை வீரனாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. எகிப்தில் கிடைத்த கி.பி. 81ஆம் ஆண்டின் இன்னொரு பாபிரஸிலும் இரண்டு வீரர்களின் கணக்கு இருக்கிறது. அதில் வைக்கோல், உணவு, காலணி ஆகியவற்றோடு முகாமில் கொண்டாடிய சாட்டர்னேலியா விழாவுக்கான சந்தாவும் பிடிக்கப்பட்டிருக்கிறது. நம் ஊர் அலுவலகங்களில் ஆயுத பூஜைக்குப் பிடிப்பதுபோல.

இந்தச் சீட்டுகளில் வரவுப் பக்கம் உப்பு இல்லை. பற்றுப் பக்கமும் உப்பு தனி இனமாக இல்லை. சாப்பாட்டுச் செலவுக்குள் அடங்கிவிடும் அளவுக்கு அது சின்ன விஷயம்.

## உப்பு தங்கத்துக்குச் சமமாக இருந்ததா?

கதையை நம்புகிறவர்கள் சொல்லும் துணைக்காரணம் இது: அந்தக் காலத்தில் உப்பு அவ்வளவு விலை உயர்ந்தது, அதனால் அதுவே பணமாகப் பயன்பட்டது. இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

1. ஒருவருக்கு எவ்வளவு உப்பு வேண்டும்? கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பண்ணை நிர்வாகம் பற்றி எழுதிய கேட்டோ, ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு மோடியஸ் உப்பு போதும் என்கிறார். அதாவது சுமார் 8.7 லிட்டர்.

2. உப்பு என்ன விலை? கி.பி. 301இல் பேரரசர் டயோக்ளீஷியன் பொருள்களுக்கும் கூலிக்கும் உச்சவரம்பு விதித்துக் கல்லில் வெட்டிவைத்தார். அதில் ஒரு 'படை மோடியஸ்' உப்பு 100 டெனாரியஸ். அதே அளவு கோதுமையும் 100 டெனாரியஸ். சாப்பாடு போக ஒரு பண்ணைக் கூலியாளின் நாள் சம்பளம் 25 டெனாரியஸ்.

3. படை மோடியஸின் சரியான கொள்ளளவு பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அது சாதாரண மோடியஸைவிடப் பெரியது. ஆக, ஆண்டு முழுவதுக்குமான உப்பை மிகச் சாதாரணக் கூலியாள்கூட நான்கு நாள் கூலிக்குள் வாங்கிவிடலாம்.

4. இப்போது திருப்பிப் போடுவோம். அந்தக் கூலியாளுக்கு நாள் சம்பளத்தை உப்பாகவே கொடுத்தால் கால் படை மோடியஸ். இரண்டு லிட்டருக்கு மேல். 5,000 பேர் கொண்ட லீஜியன் என்ற ஒரு படைப்பிரிவுக்கு இதே விகிதத்தில் கொடுத்தால் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் லிட்டர் உப்பு. நாள்தோறும். அதை இழுக்க எத்தனை வண்டி, எத்தனை மாடு? அப்புறம் அந்த உப்பை வைத்துக்கொண்டு வீரன் என்ன செய்வான்? முகாமில் எல்லார் கையிலும் உப்பு, வாங்குவதற்கு ஆள் கிடையாது.

கேட்டோவுக்கும் டயோக்ளீஷியனுக்கும் இடையே நானூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி; பின்னவர் காலத்தில் பணவீக்கம் தலைவிரித்தாடியது. அதனால் டெனாரியஸ் எண்ணைத் தனியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உப்புக்கும் கோதுமைக்கும் கூலிக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் போதும். உப்பு தானிய விலை விற்றது, தங்க விலை அல்ல.

விலை குறைவு என்பதால் உப்பு முக்கியமில்லாத பொருள் என்று ஆகிவிடாது. அது இல்லாமல் முடியாது என்பதால்தான் அரசு அதில் கைவைத்தது. கி.மு. 204இல் உப்புக்கு ஒரு புதிய வரி வந்தது. அதைக் கொண்டுவந்தவர், தணிக்கையாளர் (சென்சார்) என்ற ரோம உயர்பதவியில் இருந்த மார்கஸ் லிவியஸ். முன்பு தன்னைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்த மக்களைப் பழிவாங்கவே இதைச் செய்தார் என்று பேச்சு. 'சலினேட்டர்', உப்புக்காரர் என்ற பட்டப்பெயர் அவருக்கு அதனால் ஒட்டிக்கொண்டது என்கிறார் லிவி. உப்பு வரிக்காக ஒருவரை மக்கள் காலகாலத்துக்கும் நினைவில் வைப்பது நமக்குப் புதிதல்ல.

## கதை எங்கே முளைத்தது

அகராதிகளில். 1879இல் வெளியான, ஆங்கில உலகில் பரவலாகப் பயன்பட்ட ஒரு பெரிய லத்தீன் அகராதி, சலாரியம் என்ற பதிவில் 'ஆர்ஜெண்டம்' என்ற சொல்லை அருகில் போட்டது. ஆர்ஜெண்டம் என்றால் வெள்ளி, பணம். 'சலாரியம் ஆர்ஜெண்டம்' என்றால் உப்புப் பணம். வீரர்களுக்கு உப்புக்காகக் கொடுத்த பணம் என்று விளக்கமும் எழுதியது.

அந்த 'ஆர்ஜெண்டம்' முன்னால் ஒரு சுருக்கக் குறி உண்டு. இந்தச் சொல் தொக்கி நிற்பதாகக் கொள்க என்று அதற்கு அர்த்தம். நம் உரையாசிரியர்கள் வருவித்து உரைப்பார்களே, அதுபோல. அதாவது அகராதிக்காரர்கள் ஊகித்துச் சேர்த்த சொல் அது. ரோம நூல் எதிலும் இந்த இரண்டு சொல்லும் சேர்ந்து வருவதில்லை. படித்தவர்கள் குறியைக் கவனிக்காமல் தொடரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஊகம் செய்தியாயிற்று. உப்புக்கான பணம் என்பது அடுத்த கையில் 'உப்பாகவே கொடுத்த பணம்' ஆயிற்று. கதைக்கு இந்த வடிவம்தான் ருசி, அதனால் இதுவே நின்றது.

நன்றிக்கும் விசுவாசத்துக்கும் உப்பை அடையாளமாகச் சொல்வது பல பண்பாடுகளில் இருப்பதும் கதைக்குக் கைகொடுத்தது. விவிலியத்தின் எஸ்றா நூலில் பாரசீக மன்னனுக்கு எழுதும் அதிகாரிகள், தாங்கள் அரண்மனையின் உப்பைத் தின்கிறவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். 'நமக் ஹராம்' (தின்ற உப்புக்குத் துரோகி) என்ற இந்தி வசவும், உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்ற நம் பழமொழியும் அதே வகை. இவற்றில் உப்பு என்பது சோறு. சோறு போட்டவர் மேல் உள்ள கடப்பாடு.

## ஒட்டிக்கொண்ட போலி உறவுகள்

ஒரு கதை பிரபலமானால் அதற்குச் சொந்தக்காரர்கள் பெருகுவார்கள். உப்பின் பெயரால் இன்று சுற்றும் ஆங்கிலச் சொற்களை இப்படிப் பிரிக்கலாம்.

உண்மையான உறவினர்கள்:

1. சாலட்: உப்பிட்ட காய்கறி என்ற பொருளுள்ள வடிவத்திலிருந்து.
2. சாஸ், சல்சா: 'சல்சா', உப்பிடப்பட்டது.
3. சாசேஜ், சலாமி: உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சி.

உறவே இல்லாதவர்கள்:

1. சோல்ஜர்: உப்பு கொடுத்தல் என்ற 'சால் தாரே'யிலிருந்து வந்தது என்பார்கள். அப்படியல்ல. பேரரசர் கான்ஸ்டன்டைன் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சிட்ட 'சாலிடஸ்' என்ற தங்கக் காசிலிருந்து, பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ஒரு ரோம ராத்தல் தங்கத்துக்கு 72 காசு. காசு வாங்கிப் போரிடுகிறவன் சோல்ஜர்.
2. சேல்: விற்பனை. வட ஐரோப்பியப் பழஞ்சொல்; லத்தீனே அல்ல.
3. சல்யூட்: நலம் என்ற பொருளுள்ள 'சாலுஸ்' என்ற சொல்லிலிருந்து.

## ரோமிலிருந்து லண்டன் வரை, அங்கிருந்து சம்பளச் சீட்டு வரை

இந்தப் பயணம் சுருக்கமானது. லத்தீன் சலாரியம் பிரெஞ்சில் 'சலேர்' ஆயிற்று. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் அங்கே அரசும் நீதிமன்றமும் பேசிய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்தில் குடியேறியது.

அங்கே ஏற்கெனவே 'வேஜ்' என்ற சொல் இருந்தது. அதுவும் பிரெஞ்சு வழி வந்ததுதான், ஆனால் வேர் ஜெர்மானியம். அடகு, உறுதிப்பணம் என்று ஆதிப்பொருள். நாளாவட்டத்தில் இரண்டும் வேலையைப் பங்குபோட்டுக்கொண்டன. உடலுழைப்புக்கு, மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ தருவது வேஜ். மேசை வேலைக்கு, மாதமோ ஆண்டோ கணக்கிட்டுத் தருவது சாலரி. ஆளுநருக்குக் கொடுத்த சலாரியத்தின் தோரணை இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சில் இந்தப் பிரிவினை இல்லை. கொத்தனாருக்கும் மேலாளருக்கும் ஒரே சொல்.

இந்தியச் சட்டத்தில் இந்த வேறுபாடு வேடிக்கையாகப் புரள்கிறது. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 17ஆம் பிரிவில், 'சாலரி என்பது வேஜஸையும் உள்ளடக்கும்' என்றது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்போ, 'வேஜஸ்' என்பது சாலரி, படி என எந்தப் பெயரில் தரப்படும் ஊதியமும்தான் என்று தொடங்கி, பிறகு எவை சேராது என்று பட்டியல் போடுகிறது. ஒன்றின் வயிற்றில் மற்றொன்று. வரி பார்க்கும்போதும் வைப்பு நிதி பார்க்கும்போதும் தொகைகள் வேறுபட்டு ஊழியர்கள் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த இடத்தில் அகராதி உதவாது. சொல்லுக்கு எந்தச் சட்டம் என்ன வரையறை தந்திருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

## நம் சம்பளத்திலும் உப்பு போட்டார்கள்

சாலரிக்கு நடந்தது தமிழ்ச் சொல்லுக்கும் நடந்திருக்கிறது. 'சம்பளம்' என்பது சம்பா + அளம். சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகக் கொடுத்ததால் வந்த பெயர் என்ற விளக்கம் பல காலமாகச் சுற்றுகிறது. அளம் என்றால் உப்பளம், அது சரியான தமிழ்ச்சொல். நெல்லைக் கூலியாக அளப்பதும் நேற்று வரை நம் வயல்களில் இருந்த வழக்கம்தான். சாலரி கதையோடு சேர்த்துச் சொன்னால் ரோமும் தமிழகமும் ஒரே மாதிரி யோசித்தன என்று பெருமையாகவும் இருக்கிறது.

ஆனால் நிற்கவில்லை. காரணங்கள்:

1. இதே சொல் கன்னடத்தில் 'சம்பள', தெலுங்கில் 'சம்பளமு', மலையாளத்தில் 'சம்பளம்'. தமிழின் சம்பா நெல்லையும் அளத்தையும் வைத்துப் பிரித்தால் பக்கத்து வீடுகளுக்கு விளக்கம் இல்லாமல் போகும்.
2. சமஸ்கிருதத்திலும் பாலியிலும் 'சம்பல' என்ற சொல் இருக்கிறது. பொருள்: வழிப்பயணத்துக்கான உணவு, கட்டுச்சோறு.
3. கட்டுச்சோற்றிலிருந்து ஊதியத்துக்குப் பொருள் நகர்வது இயல்பு. வேலைக்குப் போகிறவருக்கு முதலில் வழிச்சோறு, பிறகு சோற்றுக்கான காசு, பிறகு காசு. ரோமிலும் மாகாணத்துக்குப் போகும் ஆளுநர்களுக்குக் கோவேறு கழுதைக்கும் கூடாரத்துக்கும் பதிலாக ஒரு தொகையை அகஸ்டஸ் குறித்துக் கொடுத்தார்.

நெல்லும் உப்பும் தமிழ்நாட்டில் சேர்ந்தே வந்த இடம் வேறொன்று உண்டு. சங்க காலத்து உமணர்கள் கழிமுகத்து உப்பை வண்டியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் வீட்டுப் பெண் தெருத்தெருவாகக் கூவி விற்றதை அகநானூற்றின் 140ஆம் பாட்டு காட்டுகிறது. அவள் கூவிய விலை: நெல்லுக்கு நேராக உப்பு, ஒன்றுக்கு ஒன்று. டயோக்ளீஷியன் கல்லில் வெட்டிய பட்டியலிலும் கோதுமைக்கும் உப்புக்கும் அதே நேர்விலைதான். இரண்டு இடத்திலும் அது சந்தைப் பேரம். கூலிக் கணக்கு அல்ல.